நீலமாய்த் தெரிந்த விரல்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது நோண்டும். "குட்டி போட்ட பூன மாதிரி ஏன் மகள் அங்கிட்டும் இங்கிட்டும் அலயிறீங்க?" என்று உம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். இப்படிப்பட்டவளிடம்தான், மற்றவர்களை அசையாமல் இருக்க வைக்கிற வேலை வந்து சேர்ந்தது.

வேலை இதுதான். பேராதனைப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நாங்கள் ஒரு கருவி செய்தோம். ஊசி இல்லை, கத்தி இல்லை, தோலைத் தொடுவதுகூட இல்லை. மெல்லிய லேசர் ஒளியைக் காலில் விழுத்தி மேலேயிருந்து கமராவால் படம் பிடிப்போம். ஒளி பட்ட தோல், ரவையைப் பரப்பியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தோலுக்குக் கீழே ரத்தம் ஓடினால் அந்தப் புள்ளிகள் கலங்கும். ஓடாத இடத்தில் அப்படியே நிற்கும். எங்கே எவ்வளவு கலங்குகிறது என்று கம்பியூட்டர் பார்த்து, நன்றாக ஓடும் இடத்துக்குச் சிவப்பும் மந்தமான இடத்துக்கு நீலமும் பூசித் தரும். சீனி வருத்தக்காரர்களின், அதாவது நீரிழிவு உள்ளவர்களின், கால் விரலுக்கு ரத்தம் குறைவதைப் புண் வருமுன்னே இதனால் கண்டுபிடிக்கலாமா என்பதுதான் எங்கள் சோதனை.

படம் எடுக்கும்போது கால் அசையக் கூடாது. அதற்கு முன்னால் இருபது நிமிடம் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், வெயிலில் நடந்து வந்த சூடோ மழையில் நனைந்த குளிரோ அடங்குவதற்காக. அந்த இருபது நிமிடத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

எங்களுக்குத் தலைவராக இருந்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர், பௌதிகம் படிப்பித்தவர். சத்தம் போடவே மாட்டார். அந்த அமைதியே எனக்கு எரிச்சலாக இருக்கும். "சீனி வருத்தம் உள்ள ஆக்களும் வேணும், இல்லாத ஆக்களும் வேணும். ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் கருவி சொல்லுறது சரியோ எண்டு தெரியும்" என்றார். ஆள் பிடிப்பது யார் என்று அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அக்குறணையில் ஆளுக்கா பஞ்சம்? மாத்தளை ரோட்டில் இரண்டு பக்கமும் கடைகள், கடைக்குக் கடை முதலாளிமார், அவர்களில் பாதிப் பேருக்குச் சீனி.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கையைத் தூக்கியது ஊர்ப்பற்றால் இல்லை. வாப்பாவின் காலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வாப்பாவுக்கு அக்குறணையில் ஹாட்வெயார் கடை, வீடு அலவத்துகொடையில். சீனி வருத்தம் அவருக்கு நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே உண்டு. குளிசை போடுவார், ரத்தம் சோதிக்கக் கொடுப்பார், ஆனால் காலை மட்டும் எந்த டொக்டருக்கும் காட்ட மாட்டார். அவருடைய நானா, என் பெரியவாப்பா, ஒரு விரலுக்கு மருந்து கட்டப் போனவர் முழங்காலோடு வெட்டுப்பட்டுத் திரும்பி வந்தார். "காட்டினா வெட்டுவாங்க" என்பது அன்றிலிருந்து வாப்பாவுக்கு வேதவாக்கு. சப்பாத்துக்குள் சொக்ஸ், சொக்ஸுக்குள் கால், அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆனால் மகள் செய்த கருவி என்றால் வருவார் என்று எனக்குத் தெரியும். குத்துவதுமில்லை, வெட்டுவதுமில்லை.

அக்குறணையில் பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு கிளினிக்கின் மாடி அறையைக் கேட்டு வாங்கினேன். நேரத்தையும் நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். மத்தியான லுஹர் தொழுகைக்குக் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போவார்கள். தொழுகை முடிந்ததும் அப்படியே மாடியேறி வந்து காலைக் காட்டிவிட்டுக் கடைக்குப் போகலாம். ஒருவருடைய வியாபாரமும் கெடாது. இந்த ஏற்பாட்டில் எனக்கே என் மேல் ஒரு பெருமை.

எனக்குத் துணையாக ஒரு தாதி வந்தாள். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். காலைத் தூக்கி மெத்தையில் வைப்பது, விரல்களை விரித்துச் சரிசெய்வது எல்லாம் அவள் வேலை. நான் தொட மாட்டேன். ஊர் ஆண்களின் காலை நான் எப்படித் தொடுவது? தொட்டால் மாலை அஸர் தொழுகைக்குள் அந்தக் கதை கட்டுகஸ்தோட்டை வரை போய்விடும். நான் கம்பியூட்டரோடு இருந்துகொண்டேன்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் ஒருவருக்கும் பொறுமை கிடையாது. உட்கார்ந்து மூன்று நிமிடம் ஆகாது, "மகள், கெதியா முடிங்க, கடையில ஆளில்ல" என்பார்கள். "இந்தா, இப்பவே" என்பேன் நானும். வேகுமுன்னே தின்னத் துடிக்கிற அவசரம் எனக்கு எப்போதும் உண்டு. இருபது நிமிடம் பத்தாகி, பத்து ஐந்தாகியது. படிவத்தில் மட்டும் இருபது என்று எழுதினேன்.

இரண்டு வாரம் போனது. படங்கள் எல்லாம் நீலம். சீனி உள்ளவருக்கும் நீலம், இல்லாதவருக்கும் நீலம். சீமெந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிற ஒரு மனிதர், முப்பது வயதுகூட இல்லை, அவருடைய பத்து விரலும் நீலம். நான் கமராவைத் திட்டினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன், கண்ணாடியைத் துடைத்தேன். அந்த அறைக்குள் நான் நடந்த நடையை ரோட்டில் நடந்திருந்தால் மாத்தளைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

படங்களைப் பார்த்த சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பிள்ளை, கமராவில பிழை இல்லை. ஆக்களை இருபது நிமிசம் இருத்தினனீங்கள்தானே?"

"இருத்தினேன் சேர்."

பொய். வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த வாரம்தான் வாப்பா வந்தார். தொழுதுவிட்டுத் தொப்பியோடு மாடியேறி வந்து, தாதியைப் பார்த்து "என்ன மகள், சொகமா?" என்று கேட்டுவிட்டு, தானே சொக்ஸைக் கழற்றினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருடைய காலைப் பார்க்கிறேன். நகங்கள் தடித்து, தோல் பளபளவென்று இருந்தது. ஐந்து நிமிடம்கூட இருத்தவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லையே. திரையில் படம் வந்தது. இடது கால் மற்றவர்களுடையதைப் போல வெளிர் நீலம். வலது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் கறுப்பு என்றே சொல்லலாம், அப்படி ஒரு நீலம்.

முடிவை ஆட்களிடம் சொல்லக் கூடாது, இது வைத்தியம் இல்லை, வெறும் சோதனை என்று அவர்களிடம் கையெழுத்து வாங்குகிறவளே நான்தான். அந்தச் சட்டமெல்லாம் எங்கே போனதோ! "வாப்பா, நாளைக்கே டொக்டர்ட்ட போறம்" என்றேன்.

வாப்பா திரையை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து சொக்ஸைப் போட்டுக்கொண்டு, "என்னத்துக்கு இந்த அவசரம்? கால் எங்கயாலும் ஓடிப் போகப் போகுதா?" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

மூன்று நாள் வீட்டில் சண்டை. நான் கத்த, அவர் எழும்பிப் போக, உம்மா நடுவில் நின்று என்னையே ஏச. கண்டியில் ஒரு டொக்டரிடம் நேரம் எடுத்து வைத்தேன். அன்றைக்கு வாப்பா விடியற்காலையில் சுபஹ் தொழுத கையோடு கடைக்குப் போய்விட்டார். போனை எடுக்கவில்லை. நான் பஸ்ஸில் நின்றபடி அழுதேன். பெரியவாப்பாவின் கட்டிலும் அதற்குக் கீழே ஒற்றையாகக் கிடந்த செருப்பும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

நான்காம் நாள் மத்தியானம் தாதி என்னிடம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஒன்னு கேக்கவா? இவங்க கால் வெரல் இடுக்கெல்லாம் ஏன் இப்பிடி ஈரமா இருக்கு? நான் தெனமும் தொடச்சுத் தொடச்சுத்தான் வைக்கிறேன். ஐஸ் மாதிரி இருக்குங்க."

"அது வுளு எடுத்தது. தொழப் போகுமுன்ன செய்றது" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது என்னான்னு எனக்குத் தெரியாதுங்க மிஸ். பச்சத் தண்ணியில காலக் கழுவிட்டு வந்தா காலு குளுந்துதான போகும்?"

எனக்குக் கன்னத்தில் ஒன்று போட்டது போல இருந்தது. படிவத்தில் ஒரு கேள்வியே உண்டு: கடந்த ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்ந்த நீரில் கால் கழுவினீர்களா? அத்தனை பேரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை இல்லை என்று குறித்துக்கொண்டே போனேன். வுளுவை யார் கால் கழுவுவது என்று சொல்வார்கள்? ஏழு வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து வேளை நான் செய்கிற காரியம். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கடைசியில் கணுக்கால் வரைக்கும் இரண்டு கால். பள்ளிவாசல் தொட்டித் தண்ணீர் மலையிலிருந்து வருவது, மத்தியானத்திலும் எலும்பைக் குத்தும். அப்படிக் கழுவிய காலை ஐந்து நிமிடத்தில் தூக்கி லேசருக்குக் கீழே வைத்தால் ரத்தம் எங்கே ஓடும்?

அங்கேயே சப்பாத்தைக் கழற்றினேன். தாதி என் காலைப் படம் எடுத்தாள். செக்கச் செவேல். குழாயடிக்குப் போய் வுளு எடுத்துவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் எடுத்தாள். நீலம்! நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். "அல்லாஹ்வே, இவ்வளவுதானா!" என்று அந்த மாடி அதிரக் கத்தினேன். சோதனை பிழையானதே, இரண்டு வார உழைப்பு மண்ணாய்ப் போனதே என்ற கவலை துளியும் இல்லை. வாப்பாவின் காலில் ஒன்றுமில்லை. தண்ணீர்தான். அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது.

சப்பாத்தைக்கூடச் சரியாக மாட்டாமல் ரோட்டைக் கடந்து கடைக்கு ஓடினேன். வாப்பா யாருக்கோ நைலோன் கயிறு அளந்துகொண்டிருந்தார். "ஒண்டுமில்ல வாப்பா! வுளுத் தண்ணி! எல்லாருக்கும் அப்பிடித்தான் வந்தீக்கி!" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கயிற்றை அப்படியே பிடித்தபடி தன் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்குப் பிளேன்டி, பாலில்லாத தேநீர், வரவழைத்தார். அன்றைக்கு நான் குடித்த பிளேன்டியைப் போல ருசி வேறெதிலும் இருந்ததில்லை.

அடுத்த நாள் சேரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"ஓம் சேர்."

அவர் சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டுத் திருப்பி எடுங்கோ. ஒரு ஆளையும் விடாமல்" என்று மட்டும் சொன்னார்.

திருப்பி எடுத்தோம். காலை பத்து மணிக்கு, லுஹருக்கு நெடுநேரம் முன்னால், காய்ந்த காலோடு, முழுசாக இருபது நிமிடம். "கடையில ஆளில்ல" என்றவர்களிடம் "அப்ப நாளைக்கு வாங்க" என்றேன். சீமெந்து மூட்டை மனிதருக்குப் பத்து விரலும் சிவப்பாக வந்தது. சீனி உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் அங்கங்கே நீலம். கருவி சரியாகத்தான் பேசியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வாப்பாவை மட்டும் கூப்பிடவில்லை.

முதலில் நோன்பு காலம் என்றேன். பிறகு பெருநாள் வியாபாரம் என்றேன். பிறகு மழை, ஓயா ஆறு பெருகி ரோட்டில் தண்ணீர் என்றேன். சேர் இரண்டு தடவை பட்டியலைப் பார்த்து, "இந்த ஒரு ஆள்தான் மிச்சம்" என்று சொன்னார். "வருவார் சேர்" என்றேன். எதற்கும் பொறுக்க மாட்டாதவள், இதில் மட்டும் ஆமையாக நகர்ந்தேன். ஏன் என்று அப்போது என்னிடம் யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். பயம்தான், வேறென்ன. ஒன்றுமில்லை என்று ஒரு தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டாயிற்று. அதைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இப்படியே ஏறக்குறைய இரண்டு மாதம் போய்விட்டது.

கடைசியில் அவராகவே ஒரு காலையில் மாடியேறி வந்தார். "என்ன மகள், எல்லாரையும் ரெண்டாந்தரம் கூப்பிட்டீங்களாம், என்ன மட்டும் காணல்ல?" என்றார். வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்தது போலிருந்தது. கேட்டதற்குச் சப்பாத்து இறுக்கம் என்றார்.

இருபது நிமிடம் இருத்தினேன். கால் காய்ந்திருந்தது, அறையில் குளிர் இல்லை. நான் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்று ஒவ்வொரு நிமிடமாகப் பார்த்தேன். பிறகு படம். இடது கால் சிவப்பு. வலது காலில் அதே இரண்டு விரல், அதே கருநீலம், முன்னைவிடக் கொஞ்சம் பரவியும் இருந்தது.

தாதி காலை மெதுவாகத் தூக்கினாள். "மிஸ், இந்தக் காலு மட்டும் ஜில்லுன்னு இருக்குங்க" என்றாள். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, பெருவிரலுக்குக் கீழே கடலைப் பருப்பளவு ஒரு புண் இருப்பதைக் காட்டினாள். வாப்பாவுக்கு அது இருப்பதே தெரியாது. சீனியில் மரத்துப்போன காலில் நோவு தெரிந்தால்தானே.

இந்தத் தரம் அவர் மறுக்கவில்லை. அன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். மருந்து ஏற்றினார்கள், ரத்தக் குழாயை அடைத்திருந்ததைத் திறக்கப் பார்த்தார்கள், சுத்தம் செய்தார்கள். ஒன்பதாம் நாள் இரண்டு விரலையும் எடுத்தார்கள். காலைக் காப்பாற்றியாயிற்று என்று சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களத்தில் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர், பொய் சொல்ல மனமில்லை, உண்மையைச் சொல்லவும் மனமில்லை போல.

வார்டில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் நான் நடந்துகொண்டிருந்தேன். உம்மா சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார்.

"ஒரு எடத்துல இரிங்க மகள், தல சுத்துது" என்றார் வாப்பா.

கதிரையில் உட்கார்ந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று பட்டது. "வாப்பா, அன்டைக்கி நான் கடைக்கு ஓடி வந்து தண்ணி எண்டு சொன்னது பொய்த்திச்சி. நான் சரியாப் பாக்கல்ல. என்னாலதான்..."

வாப்பா கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி இருந்தார்.

"ரெண்டு காலையும் ஒரே தண்ணியிலதானே மகள் கழுவினேன்" என்றார்.

அன்றைக்குத் திரையில் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று வெளிர் நீலம், ஒன்று கறுப்பு. தண்ணீர் ஆள் பார்த்து, கால் பார்த்து, விரல் பார்த்தா குளிரும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற கேள்வி. இவ்வளவு படித்த எனக்கு அது வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

"அப்ப உங்களுக்கு வெளங்கிச்சா? அன்டைக்கேயா?"

"நீங்க கடையில வந்து சொன்ன நேரமே வெளங்கின."

"அப்ப ஏன் வாப்பா சொல்லல்ல?" கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தச் சொல்ல? நீங்க அவ்வளவு சந்தோசமா ஓடி வந்தீங்க. எனக்கும் அது உண்மையா ஈந்தா நல்லமெண்டு பட்டிச்சி. பயம்தானே மகள்."

நான் அழுதேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அந்த வார்டில் அத்தனை பேர் பார்க்க அழுதேன். வாப்பா என்னை அழ விட்டார். பிறகு இடது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டினார்.

"இதத் திருப்பியும் எப்ப பாக்கிற?"

"வீட்டுக்கு வந்த அடுத்த நாளே" என்றேன்.

"சரி. இந்தத் தரம் சிரிச்சிக்கிட்டு வரத் தேவில்ல. கண்டத அப்பிடியே வந்து சொல்லுங்க. நானும் கேக்கிறேன்."